உள் வயலுக்கு வழி

லில்லி மூங்கில் குச்சிகளின் தலையில் எண் அட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பழைய அட்டைப்பெட்டியை உள்ளங்கை அகலத்துக்கு நறுக்கி, கறுப்பு மையில் எண் எழுதி, மேலே டேப் ஒட்டி, சணலால் சுற்றி இரண்டு முடிச்சு போட்டாள். பனியில் மை கரையக்கூடாது என்பதற்காகத்தான் டேப். மொத்தம் அறுபத்துநான்கு குச்சிகள், வயலுக்கு ஒன்று. நாற்பத்தைந்து முடிந்திருந்தது. கூடம் முழுக்க மூங்கில் சிராய் கிடந்தது. பெருக்க அவசரமில்லை. அந்த வீட்டுக்கு வேறு யாரும் வரப்போவதில்லை.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். அண்ணன் டேனியல் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவள் வீடு திரும்பும் நேரத்துக்குப் போன் செய்வான். சாப்பிட்டியா என்று கேட்பான், கதவைத் தாள் போட்டுக்கொள் என்பான், நான்கு நிமிடத்தில் வைத்துவிடுவான். பாகூருக்குத் தெற்கே இருக்கும் அந்தத் தெருவில் ஆண், பெண் எல்லோரும் காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் ஏறிப் போகிறவர்கள். பகலில் அங்கே கோழிகளும் லில்லியும்தான்.

அவளும் ஒரு காலத்தில் அப்படிப் போனவள்தான். பி.காம். முடித்ததும் தவளக்குப்பத்தில் ஒரு பார்சல் குடோனில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். வருகிற பெட்டியை ஸ்கேன் செய்து, ஊர் வாரியாகப் பிரித்து, வண்டிக்கு அனுப்ப வேண்டும். கடலூரில் ஒரு கடைக்காரர் அனுப்பும் பெட்டி, அரைமணி தூரத்தில் இருக்கும் தவளக்குப்பத்துக்கு நேராக வராது. சென்னைக்குப் போய், ஒருநாள் அங்கே கிடந்து, பிறகு திரும்பி வரும். ஏன் என்று மேலாளரிடம் கேட்டாள். "அது சிஸ்டம்மா" என்றார். இரண்டு வருடம் கழித்துத் திரும்பக் கேட்டபோதும் அதே பதில்தான். அந்த சிஸ்டத்தை யார் போட்டார்கள், எதை வைத்துப் போட்டார்கள் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. சேமித்ததை எடுத்துக்கொண்டு எம்.பி.ஏ. சேர்ந்தாள். சப்ளை செயின், லாஜிஸ்டிக்ஸ்.

கல்லூரி விழுப்புரம் சாலையில், மதகடிப்பட்டுக்கு அருகில். வில்லியனூரில் இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும். வகுப்பில் மற்றவர்களுக்கு இருபத்திரண்டு வயது. அவளை 'அக்கா' என்று கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் டீக்கடைக்குப் போகும்போது அக்காவைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கப்பல், கன்டெய்னர், சரக்கு எவ்வளவு குறையும்போது திரும்ப வரவழைக்க வேண்டும், பத்து ஊருக்குப் போகிற லாரியை எந்த வரிசையில் அனுப்பினால் தூரம் குறையும். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் அரிசி போட்டுப் பொங்கி, டி.வி.யைச் சத்தத்துக்காகப் போட்டுவிட்டு, அன்றைய பாடத்தை மறுபடி எழுதுவாள். பரீட்சையில் வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். அதைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தாள். "அப்டியா, சூப்பர்டி" என்றான் டேனியல். பிறகு, கதவைத் தாள் போட்டாயா என்று கேட்டான்.

கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு புராஜெக்ட் செய்ய வேண்டும். மற்றவர்கள் சென்னைத் துறைமுகத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போனார்கள். லில்லி அறுவடை மிஷினை எடுத்துக்கொண்டாள்.

காரணம் இருந்தது. பக்கத்து ஊர் உழவர் சங்கம் ஒவ்வொரு சம்பாவுக்கும் ஆத்தூரிலிருந்து இரண்டு அறுப்பு மிஷின்களை வரவழைக்கும். அவை பாதிநேரம் ஓடாது. கிழக்கே ஒரு வயலை அறுத்துவிட்டு மேற்கே போகும், அங்கே நெல் பழுத்திருக்காது, திரும்பி வரும். இதற்குள் இன்னொருவர் நெல் முற்றிக் கொட்டிக்கொண்டிருக்கும். யாருக்கு எந்த நாள் என்று புரோக்கர்தான் சொல்வார். லில்லி சங்கச் செயலாளர் முத்துசாமியைப் போய்ப் பார்த்தாள்.

"இன்னாம்மா, எம்பியேவா? எங்க ஊருக்கு எம்பியே எதுக்கு?" என்றார் அவர். ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். சங்கக் கட்டடத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில்.

அந்த மரத்தடியில்தான் அவள் ஒன்றரை மாதம் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டுப் பேர், அறுபத்துநான்கு வயல். ஒவ்வொருவரிடமும் நட்ட தேதி, ரகம், பரப்பு, சாலையிலிருந்து தூரம் கேட்டு எழுதினாள். மதியச் சாப்பாட்டை பஸ் நிழற்குடையில் போய்ச் சாப்பிட்டாள். யாரும் அவளிடம் கடுமையாகப் பேசவில்லை. யாரும் அதிகம் பேசவும் இல்லை. பதில் சொல்லிவிட்டு, இது என்ன படிப்பு, முடித்தால் என்ன வேலை என்று கேட்டவர் முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர் கூட இல்லை. கேட்டால் சொல்ல அவள் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தாள்.

கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த அட்டவணையைச் சங்கச் சுவரில் ஒட்டினார்கள். எண் கட்டிய குச்சிகளை லில்லி வயல் வயலாகப் போய் நட்டாள். பொங்கல் கழிந்து இருபத்திரண்டாம் தேதி மிஷின் வந்தது. ஐந்து நாள் அட்டவணைப்படியே ஓடியது. ஒருவரும் காத்திருக்கவில்லை. டீசல் மிச்சமானது என்று மிஷின் டிரைவர் கலைச்செல்வனே சொன்னான். ஆத்தூர்க்காரன், வாயைத் திறந்தால் மரியாதை தவறாதவன். முத்துசாமி இரண்டு தடவை, "பரவால்லியே லில்லிம்மா" என்றார்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்குக் கலைச்செல்வன் போன் செய்தான். "என்னங்க மேடம், நாப்பத்தொண்ணாம் நம்பர் வயலுக்கு எப்படிங்க போறது?"

"குச்சி நட்டிருக்கு பாருங்க. ரோட்டுலருந்து உள்ளே மூணாவது."

"குச்சி தெரியுதுங்க. வழி எங்கிருக்குதுன்னு கேக்கறேன்."

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். மிஷின் தார்ச்சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. சாலையை ஒட்டிய வயல் அறுத்துக் கிடந்தது. அதற்கு உள்ளே தங்கவேலின் வயல். அதில் நெல் பாதிப் பச்சையாக, ஆள் இடுப்பு உயரம் நின்றது. அதற்கும் உள்ளே, நாற்பத்தொன்று. அமுதத்தின் நெல் பழுத்துப் பொன்னாகி, ஒரு பக்கம் தரையோடு சாய்ந்து படுத்திருந்தது. தெற்கே வாய்க்கால். மேற்கே கரும்பு. வடக்கே இன்னொருவரின் பச்சை நெல். மிஷின் போக ஒரே வழி தங்கவேலின் வயல். அது விளைய இன்னும் பத்து நாள் ஆகும்.

லில்லி வரப்பைப் பார்த்தாள். ஒரு முழம் அகலத்தில், புல் முளைத்து, நேராக அமுதத்தின் வயல் வரைக்கும் போயிற்று. அவள் மனசில் இருந்த வழி அதுதான். அவளுடைய அம்மாவும் ஆயாவும் அறுவடைக்குப் போன வழி. ஆள் போய் அறுக்கிற காலத்தில் எந்த வயலையும் எந்த வரிசையிலும் அறுக்கலாம். வரப்பு மேல் நடந்துபோய் இறங்கினால் போதும். அந்தக் கணக்கில் வளர்ந்தவள் அவள். வயல் வைத்திருக்கிறவர்களுக்கோ மிஷின் வெளி வயலை அறுத்த பிறகுதான் உள் வயலுக்கு வரும் என்பது மூச்சு விடுகிற மாதிரி, சொல்லவேண்டிய விஷயமே இல்லை. அதனால் முப்பத்தெட்டுப் பேரில் ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது தொடங்க முடியும் என்கிற கணக்குக்கு வகுப்பில் அவள் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தாள். ஆனால் வகுப்பில் அது வீடு கட்டுகிற கணக்காக வந்தது, வயலோடு சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அஸ்திவாரம், சுவர், கூரை.

அமுதம் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது தாண்டியவள், புருஷன் இல்லாதவள். அந்த ஒரு காணி நெல்தான் வருடம் முழுக்கச் சாப்பாடு.

"இன்னா பொண்ணு, மிஷின் பறந்து வருமா?" என்றாள்.

"அக்கா, போன வருஷம் எப்படி அறுத்தீங்க?"

"தங்கவேலு அறுத்தப்புறம்தான் நானு. எப்பவும் அப்டித்தான். ரெண்டு பேரும் ஒரே நெல்லு நடுவோம். இந்த வருஷம் நான் குறுகின கால நெல்லு போட்டேன். நீ இருவத்தேழாந்தேதின்னு செவுத்துல ஒட்டிட்ட. சரி, படிச்ச பொண்ணு, தங்கவேலுகிட்ட பேசி வழி வாங்கியிருக்கும்னு நெனச்சேன்."

முத்துசாமியும் மொபெட்டில் வந்தார். "நீ பேசிட்டன்னுதாம்மா நானும் நெனச்சேன்" என்றார்.

மிஷின்களின் கெடு இருபத்தொன்பதாம் தேதியோடு முடிகிறது. பிறகு அவை கடலூர்ப் பக்கம் போய்விடும், பிந்திப் பழுக்கிற வயல்களுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் திரும்ப வரும். இருபத்தொன்பதிலிருந்து மழை என்று வானிலைச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. சாய்ந்து கிடக்கிற நெல் மேல் இரண்டு நாள் மழை பெய்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும். இதெல்லாம் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கலைச்செல்வன் வண்டியை அடுத்த வயலுக்குத் திருப்பினான்.

லில்லி வேப்பமரத்தடிக்குப் போய்த் தன் புராஜெக்ட் வழிகாட்டியான பேராசிரியைக்குப் போன் செய்து, நடந்ததைச் சொன்னாள்.

"இதுல பயப்பட ஒண்ணும் இல்ல லில்லி" என்றார் அவர். "அறுபத்துநாலுல ஒண்ணுதானே. ஆய்வோட வரம்புகள்னு கடைசி அத்தியாயத்துல ஒரு பாரா எழுதிடுங்க. மார்க் குறையாது. சொல்லப்போனா நல்லாவே இருக்கும்."

"அந்த அம்மாவோட நெல்லு மேடம்?"

"அத சங்கம் பாத்துக்கும். நீங்க ரிப்போர்ட்டை முடிங்க."

அவர் நல்லவர்தான். சொன்னதும் பொய்யில்லை. லில்லி போனை வைத்துவிட்டு நோட்டில் அமுதத்தின் பக்கத்தைத் திருப்பினாள். அறுபத்துநான்கில் ஒன்று. அமுதத்துக்கு ஒன்றில் ஒன்று. அமுதத்திடம் போய்ப் பேசிவிட்டுத் தங்கவேல் வீட்டுக்கு நடந்தாள்.

அவர் மாட்டுக்கொட்டகையில் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய அம்மா இவர் வயலில் நடவு நட்டிருக்கிறாள். அம்மா இவரைக் கூப்பிட்ட சொல்லை லில்லி சொல்லமாட்டாள். அண்ணன் என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. சார் என்றே கூப்பிட்டாள்.

"சார், அமுதம் அக்கா வயலுக்கு மிஷின் போக வழி வேணும்."

"வாங்க மேடம். செவுத்துல ஒட்டியிருக்கீங்களே, அதுல வழி இல்லியா?"

"இல்ல. அது என் தப்பு."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். தவிட்டுக் கையோடு நிமிர்ந்தார். "பாலு இறுகாத நெல்லு. அது மேல மிஷின ஓட்டச் சொல்றியா?"

"மேல ஓட்ட வேணாம். வடக்கு வரப்ப ஒட்டிப் பத்தடி அகலம், அறுவது மீட்டர் நீளம் கையால அறுத்துக் குடுத்துடறேன். அந்த எடத்துல மட்டும் மிஷின் போயிட்டுத் திரும்பட்டும். அறுத்த பச்சக் கதிரு மொத்தமும் உங்க மாட்டுக்கு. அதுல போற நெல்ல அமுதம் அக்கா அவங்க நெல்லுலருந்து அளந்து குடுக்கறேன்னுட்டாங்க."

"கையாலயா? ஆளு எங்க இருக்குது? உங்க தெருவுல இப்ப எவ கதிரு அறுக்கறா? எல்லாம் டேக் மாட்டிகினு வேன்ல போவுதுங்க. பத்து வருஷமா நான் கூப்ட்டு ஒருத்தி வரல."

"நான் அறுக்கறேன் சார்."

தங்கவேல் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். சுடிதார், கையில் வாட்ச், தோளில் கல்லூரிப் பை. சிரிக்கப்போகிறார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

"வரப்பு ஒடையக் கூடாது. பத்தடின்னா பத்தடி. அடிக்கட்டைய உசரமா வுட்டுட்டுப் போகாத, தரையோட அறுக்கணும். மிஷின் உள்ள வளைச்சித் திருப்பக் கூடாது."

"சரி சார்."

"ஒம்பது மணிக்குள்ள முடிச்சிடு. அப்பறம் நான் வில்லியனூர் போவணும்." அவர் திரும்பிக்கொண்டு தவிட்டைக் கரைத்தார்.

சாயங்காலம் ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்து நின்றது. லில்லி தெருமுனையில் காத்திருந்து மூன்று பேரைக் கேட்டாள். இரண்டு பேர் மறுநாள் ஷிப்ட் என்றார்கள். ஜோஸ்பின் மட்டும் நின்று பேசினாள். லில்லியின் அம்மாவோடு ஒன்றாகக் கதிர் அறுத்தவள். இப்போது ஒரு கம்பெனியில் தரை துடைக்கிறாள்.

"உங்கம்மா இருந்தா இன்னா சொல்லுவா தெரியுமா? எட்டாவது லீவுல உன்ன வயலுக்குக் கூட்டிகினு போயி, அதுக்கப்பறம் எறக்கவே இல்ல. பொண்ணு படிக்கும், பொண்ணு குனியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கெடந்தா. எம்பியே படிச்சிட்டு இப்பப் போயி குனியப் போறியா?"

"ஒரு காலைக்குத்தான் அத்தை."

"ஒரு காலைக்குன்னுதான் எல்லாரும் எறங்குனோம்." ஜோஸ்பின் உள்ளே போனாள். கருக்கரிவாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "பல்லு இன்னும் இருக்குது. வெரல பாத்து அறு. நான் வரமாட்டேன், இடுப்பு கேக்காது. லீவு போட்டா சூப்பர்வைசர் மூஞ்சத் தூக்குவான்."

லில்லி அன்று ஒரு டம்ளர் அரிசிக்குப் பதிலாக ஒன்றரை டம்ளர் போட்டாள். காலையில் பழையதாக எடுத்துப்போகலாம். சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், ரிப்போர்ட்டைத் திறக்காமல் படுத்துக்கொண்டாள். டேனியலைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அன்றைக்கு ஞாயிறு இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வயல் பனியில் நனைந்திருந்தது. அவள் வடக்கு வரப்பிலிருந்து பத்தடி அளந்து, அறுக்கவேண்டிய கோட்டில் கயிறு கட்டினாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டு குனிந்தாள். இடது கையில் ஒரு பிடி, அரிவாளை அடியில் கொடுத்து இழுப்பு, பிடித்ததைப் பக்கத்தில் சிறு சிறு குவியலாக, அரியாகப் போடுவது. பதிமூன்று வயதில் செய்தது. கைக்கு நினைவிருந்தது, முதுகுக்கு இல்லை. பத்து நிமிடத்தில் சுடிதார் முழங்கால் வரை ஈரம். இருபது நிமிடத்தில் இடது கட்டை விரலில் கீறல். ஆழமில்லை. பாட்டில் தண்ணீரில் கழுவி, கைக்குட்டையைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு தொடர்ந்தாள்.

ஆறரைக்கு அமுதம் தன் அரிவாளோடு வந்தாள். அவளுக்கு இரண்டடி தள்ளிக் குனிந்தாள். பாதி தூரம் போனபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"குனிஞ்சே இருக்காதடி. அப்பப்ப நிமுரு. இல்லன்னா நாளைக்கு எழுந்துக்க மாட்ட."

"சரிக்கா."

"நாளைக்கு எழுப்பி வுட வூட்ல யாரு இருக்குது?"

"யாரும் இல்ல."

"அதான் சொல்றேன்" என்றாள் அமுதம். இருவரும் நிமிர்ந்தார்கள், திரும்பக் குனிந்தார்கள்.

எட்டரைக்குக் கயிறு கட்டிய இடம் முழுவதும் தரையோடு அறுத்து முடிந்தது. தங்கவேல் வந்து காலால் அகலத்தை அளந்து பார்த்தார். ஓரிடத்தில் பதினோரடி இருந்தது. அதைத் திரும்ப ஒருமுறை அளந்துவிட்டு வில்லியனூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பனி காயட்டும் என்று கலைச்செல்வன் ஒன்பதேகால் வரை காத்திருந்தான். பிறகு மிஷினை எடுத்து, அந்த வழியில் அடி அடியாக ஓட்டி, வரப்பை மிதிக்காமல் நாற்பத்தொன்றுக்குள் இறக்கினான். சாய்ந்த நெல்லை எடுக்க நேரமாகும், ஆனாலும் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுவேன் என்றான். அமுதம் தார்ப்பாயை எடுக்க ஓடினாள். போகிற போக்கில், "சோறு தின்னியா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை.

பச்சைக் கதிரை லில்லி ஒன்பது கட்டுகளாகக் கட்டினாள். ஒவ்வொன்றாகத் தலையில் தூக்கித் தங்கவேலின் கொட்டகையில் கொண்டுபோய் அடுக்கினாள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "அங்கியே போட்டுட்டுப் போ" என்றது. யார் என்று வெளியே வந்து பார்க்கவில்லை. கடைசிக் கட்டை வைத்துவிட்டுக் குழாயில் கை கால் கழுவினாள். விரலில் கட்டியிருந்ததை அவிழ்த்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. திரும்பக் கட்டிக்கொண்டு, நின்றபடியே பழைய சோற்றைச் சாப்பிட்டாள்.

பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தாள். இரண்டு நாள் மிஷின் பாக்கியிருந்தது, இருபத்திரண்டு வயல் பாக்கியிருந்தது. அவற்றில் எட்டு உள்ளே இருந்தன. அந்த எட்டுப் பேருடைய வீட்டுக்கும் வரிசையாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி. "மிஷின் உங்க வயலுக்கு யாரு வயல் வழியா வரும்?" சிலர் அவளை வேடிக்கையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். சொன்னதை எழுதி, வழிவிட வேண்டியவர் பேரையும் எழுதிக்கொண்டாள். பதினொன்றரைக்குள் ஐந்து வீடு முடிந்தது. இரண்டு பேருக்குத் தேதியை மாற்ற வேண்டியிருந்தது. முத்துசாமிக்குப் போன் செய்து சொன்னாள். ஆறாவது வீட்டில் யாரும் இல்லை. வாசலில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. லில்லி சுற்றுச் சுவர் நிழலில் ஒதுங்கி, முதுகை ஒருமுறை நிமிர்த்தி, அந்த வீட்டுக்காரர் வரும்வரை காத்து நின்றாள்.